கம்ப்யூட்டர் திறக்கும் வரைக்கும்

தியாகதுருகம்
மார்கழி 9

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அப்பா ராமசாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நாங்கள் இங்கே நலம் என்றுதான் கை முதலில் எழுதியது. பிறகு அந்த ‘நாங்கள்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘நான்’ என்று போட்டிருக்கிறேன், அடித்தலைப் பார்த்துப் பதறாதே. நான் நலம். நீயும் மருமகள் தனுஷாவும் பாப்பாவும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறவர் கையால் எழுதுகிறாரே என்று நினைப்பாய். அடித்துத்தான் பார்த்தேன், திரையில் படித்தால் யாரோ ஆர்டர் கொடுத்த நோட்டீஸ் மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் நீ “சொல்லுங்கப்பா” என்றதும் இங்கே மழையா வெயிலா என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

மழை இந்த வருஷம் பரவாயில்லை. கல்வராயன் மலையில் நல்ல மழை பெய்து கோமுகி அணை நிறைந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். நம் கடை போர்டில் ‘செழியன் டிஜிட்டல்ஸ்’ என்பதில் விளக்கு இரண்டு எரியவில்லை, மாற்ற வேண்டும். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சமையல் நானேதான், ரசம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. இதெல்லாம் எழுதுவது எதைத் தள்ளிப்போட என்று எனக்கே தெரிகிறது. நீ மூன்று முறை அம்மா படத்தைக் கேட்டுவிட்டாய். தை பன்னிரண்டு அவளுக்கு வருஷம். அன்றைக்கு இங்கே எங்கள் வீட்டிலும் படம் மாட்டிக் கும்பிட வேண்டும், சட்டம் வாங்கித் தயாராக வைத்திருக்கிறேன், வாட்ஸாப்பில் வந்த போஸ்டரைப் பெரிசாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து போகிறது, ஒரிஜினலை அனுப்புங்கப்பா என்றாய். ஒரு தடவை இன்டர்நெட் சரியில்லை என்றேன். இன்னொரு தடவை கரெண்ட் இல்லை என்றேன். மூன்றாவது தடவை இன்றைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பவில்லை. மூன்றும் பொய். அந்தப் படம் என்னிடம் இல்லை செழியா. நானே அழித்துவிட்டேன்.

நம் கம்ப்யூட்டர் படுத்திய பாடு உனக்குத் தெரியும். நீ பிளஸ் டூ படிக்கும்போது உனக்கென்று கள்ளக்குறிச்சியில் அசெம்பிள் செய்து வாங்கிக்கொண்டு வந்தது, நீ காலேஜுக்குப் போனதும் கடைக்கு வந்துவிட்டது. இந்த வருஷம் அது கிழடு தட்டி, சுவிட்சைப் போட்டால் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது. ஒரு காதணி விழா பேனரில் பெயர் மாற்றினால் சேவ் ஆவதற்குள் வந்த ஆள் எதிர்க்கடைக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு போகிறான். உன்னிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாய். ஆன் ஆகும்போதே தானாக எழுந்திருக்கிற புரோகிராமையெல்லாம் நிறுத்தச் சொன்னாய், நிறுத்தினேன். டெம்ப் ஃபைல்களை அழிக்கச் சொன்னாய், அழித்தேன். டிஸ்க் நிறைந்து பிதுங்கிக்கொண்டிருக்கிறது, வேண்டாததைக் கழித்துக்கட்டுங்கள், பிறகு எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க் போட்டு ரேமும் ஏற்றிவிட்டால் புதுசு மாதிரி ஓடும் என்றாய். வேண்டாததைக் கழிக்கிற இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன்.

கடையில் நான் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிற விதம் உனக்கு நினைவிருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குச் செத்தவர் பெயரைப் போடமாட்டேன், ஆர்டர் கொடுத்தவர் பெயரும் ஊரும்தான். அது உன் அம்மா போட்ட சட்டம். கடை ஆரம்பித்த புதிதில் நான் செத்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு தேடுவேன், அவள் உள்ளிருந்து வந்து, “இன்னாங்க இது, போனவங்க பேரயெல்லாம் வரிசயா எழுதி வச்சிக்கினு கூப்டுக்கினு இருக்கீங்க, வூட்டுக்குள்ள இல்ல இருக்குது இந்தப் பொட்டி” என்று சத்தம் போட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, வருஷத்துக்கு நினைவஞ்சலி அடிக்க வருகிறவர் ஆர்டர் கொடுத்தவர்தானே. அன்றிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

அவள் போன அன்று காலையில் உன் தாய்மாமன் பூமாலை வடக்கனந்தலிலிருந்து வந்து சேர்ந்தான். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மாமா, போஸ்டர் எங்க வூட்டு சார்பா அடிக்கணும், பொறந்த வூடு நான் ஒருத்தன்தான இருக்கறேன்” என்றான். வேறு கடைக்குப் போகச் சொல்ல மனசு வரவில்லை. கூடத்தில் அவளைக் கிடத்தியிருக்கிறது, நான் எழுந்து முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அது தன் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றித் திறந்தது. அவள் படம் என்று உருப்படியாக இருந்தது ஒன்றுதான். கல்யாணம் காட்சி என்றால் கேமராவைக் கண்டதும் சாம்பார் வாளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவள் அவள். பாஸ்போர்ட் படம் எடுக்கப் புது வெள்ளைத் திரை வாங்கிய அன்று, லைட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளை இழுத்து நிறுத்தி ஒன்று எடுத்தேன். அடுப்பில் பால் பொங்குகிறது விடுங்கள் என்று திட்டிக்கொண்டே சிரித்தாள், அந்தப் படம். போஸ்டர் செய்து முடித்து, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டேன். டிஸ்க்கில் இடம் இல்லாததால் எப்போதும் காப்பி செய்யமாட்டேன், கட் செய்து பேஸ்ட் செய்வேன், அதனால் ஒரிஜினலும் அதற்குள்ளேயே போய்விட்டது. ஃபோல்டருக்குக் கை தானாகப் பெயர் வைத்தது. ‘பூமாலை வடக்கனந்தல்’. அன்றைக்கு எனக்கு என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. அப்படிப் பெயர் வைத்தது எனக்கு நினைவிலும் நிற்கவில்லை.

பிறகு பதினாறாம் நாள் கருமாதி. விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த சமயம், வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீ அங்கேயே அழுதுகொண்டு போனில் எல்லாவற்றையும் பார்த்தாய், ஆனால் அன்றைக்கு நடந்ததை யாரும் உனக்குக் காட்டவில்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பூமாலை எல்லார் முன்னாலும் எழுந்து, “எங்க அக்கா மாசக்கணக்கா வயித்து வலின்னு துடிச்சிக்கினு இருந்துக்குது, இந்தாளு அந்தப் பொட்டிய பாத்துக்கினு குந்திக்கினு இருந்தாரு, பாத்துக்கினே கொன்னுட்டாரு” என்றான். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அவனும் கருமாதிக்கென்று அந்தச் சிரித்த படத்தையே பெரிசாக அடித்துக் கொண்டுவந்து கட்டியிருந்த ஃபிளெக்ஸைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, எங்கள் அக்காவை நாங்கள் கொண்டுபோகிறோம் என்று கிளம்பிவிட்டான். வருஷம் முடிந்த பிறகுதான் வீட்டில் படம் மாட்டுவது நம் வழக்கம், அதனால் வீட்டில் வேறு படமும் இல்லை. அதோடு அவனுக்கும் எனக்கும் பேச்சு நின்றது.

இப்போது கார்த்திகையில் நீ சொன்னபடி டிஸ்க்கைக் கழிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்து, செத்தவர்கள் படம் எதையும் தொடவில்லை, மலைமேல் வெள்ளிமலைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அந்த ஒரு படம்தான் இருக்கும், வருஷத்துக்குத் தேடிக்கொண்டு வருவார்கள். பழைய கல்யாண பேனர், கட்சி பேனர், திருவிழா நோட்டீஸ் எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே வந்தேன். ‘பூமாலை வடக்கனந்தல்’ என்று கண்ணில் பட்டது. அவன் மகள் மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் என்று எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறேன், அதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதை மட்டும் திறந்து பார்க்கவில்லை. பெயரைப் பார்த்ததுமே உடம்பெல்லாம் எரிந்தது. ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு டெலிட்டை அழுத்தினேன், நீ சொல்லிக் கொடுத்ததுதான், குப்பைத் தொட்டிக்குப் போகாமல் ஒரேயடியாகப் போய்விடும். நிச்சயமாகவா என்று அது கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அழுத்தினேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் கூட வந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அடுத்த நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் நவுஷாத் பாய் கடைக்குப் போனேன். அவருக்கு முழங்கால் வலி, இப்போது அவர் மகள் மாஹிராதான் சர்வீஸ் எல்லாம் பார்க்கிறாள், நல்ல கைத்திறமை. மூடியைக் கழற்றிவிட்டு, “இன்னா அங்கிள், உள்ள அடுப்பு கிடுப்பு வச்சிருந்தீங்களா, ஃபேன் பூரா புகை அப்பிக்கினு கீது” என்று சிரித்தாள். அது அடுப்புப் புகை இல்லை. உன் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சாம்பிராணி காட்டுவாள், என் மகன் படித்த பெட்டி என்று பக்கவாட்டில் குங்குமம் வைப்பாள். மாஹிரா துணியால் துடைக்கப் போனாள், அந்தப் பொட்டு மட்டும் இருக்கட்டும்மா என்றேன். அவள் அதை விட்டுச் சுற்றித் துடைத்தாள். எஸ்எஸ்டி போட்டு, ரேம் ஏற்றி, பழைய டிஸ்க்கைப் படங்களுக்கென்று அப்படியே உள்ளே வைத்து, சுவிட்சைப் போட்டு, “கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும், எண்ணிக்கினு இருங்க அங்கிள்” என்றாள். பதினான்கு எண்ணுவதற்குள் திறந்துவிட்டது. அவள் சந்தோஷமாக என் முகத்தைப் பார்த்தாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நான் ஏன் அழுதேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டும். காலையில் நான் ஆன் செய்து உட்காருவேன், அந்தச் சத்தம் கேட்டதும் உன் அம்மா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பேப்பர் பண்டல் மேல் உட்காருவாள். அது திறக்கிற வரைக்கும் எனக்கு வேலை இல்லை, அவளுக்கும் உலை கொதிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது அந்த நேரத்தில்தான், மற்றதெல்லாம் உப்பு இருக்கிறதா, சாவி எங்கே, அவ்வளவுதான். நீ கனடாவுக்குப் போகலாமா வேண்டாமா என்று பேசி முடித்தது அந்த நேரத்தில். தனுஷாவைப் பெண் பார்க்கப் போகலாம் என்று முடிவு செய்ததும் அப்போதுதான். அது வருஷா வருஷம் மெதுவாக ஆக ஆக எங்களுக்குப் பேச நேரம் ஜாஸ்தி ஆனது. நான் அதைத் திட்டிக்கொண்டே இருப்பேன், அவள் மட்டும், “இருந்துட்டுப் போவுதுங்க, அதுக்கும் வயசாவுதில்ல” என்பாள்.

அவள் போவதற்கு முந்தின பங்குனி மாதம் ஒரு காலை. வெள்ளிமலையிலிருந்து வந்த ஒருவர் அப்பாவுக்குப் போஸ்டர் அடிக்க வாசலில் நின்றுகொண்டிருந்தார். உன் அம்மா டீயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, “மேல் வயித்துல இன்னாவோ போட்டுப் பிசயற மாதிரி இருக்குதுங்க, முதுவு வரைக்கும் இழுக்குது, ஒரு மாசமா இருக்குது” என்றாள். அவள் சொல்லி முடிக்கவும் திரை வரவும் சரியாக இருந்தது. நான் “சரி சரி, தொறந்துக்கிச்சி, அப்பால சொல்லு” என்றேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளும் அதே நேரம் இருந்தது. கேட்டிருக்கலாம். எனக்கு நினைவே இல்லை, அவளும் வேறு என்னவோ பேசினாள். ஐப்பசியில் அவள் எழுந்திருக்க முடியாமல் விழுந்து, புதுச்சேரிக்குக் கொண்டுபோய், கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னபோதுதான் அந்தப் பங்குனிக் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. பூமாலை பந்தியில் கத்தியபோது நான் எழுந்து போனது கோபத்தில் இல்லை செழியா. அவன் சொன்னது உண்மை. அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான் என்றுதான் எழுந்தேன்.

நீ படம் கேட்ட அன்று தேடினேன். இப்போது கம்ப்யூட்டர் கேட்ட மாத்திரத்தில் தேடிக் கொடுத்துவிடுகிறது, இல்லை என்பதையும் உடனே சொல்லிவிடுகிறது. அவள் படத்தை எங்கே வைத்தேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். போஸ்டர் ஆர்டர் கொடுத்தது யார் என்று நினைத்ததும் நான் அழித்த ஃபோல்டர் எது என்று புரிந்தது. போஸ்டர் அச்சடித்த பிரஸ்ஸில் போய்க் கேட்டேன், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்களாம். மாஹிராவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள், “அழிச்ச ஒடனே கொண்டாந்திருந்தீங்கன்னா முழுசா எடுத்துக் குடுத்திருப்பேன் அங்கிள், மூணு வாரமா அதும் மேலயே வேற வேற படம் ஏத்திட்டீங்களே” என்றாள். ஐயப்பன் சீசன் பேனர் அத்தனையும் அந்தக் காலி இடத்தில்தான் ஏற்றியிருந்தேன். இரண்டு நாள் அதை ஓடவிட்டு, போஸ்டர் போய்விட்டது, ஒரிஜினலில் பாதி வந்திருக்கிறது என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். நெற்றி, பொட்டு, இரண்டு கண்ணும் தெளிவாக இருக்கிறது. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அந்தச் சிரிப்பு இல்லை. மாஹிரா தலையைக் குனிந்துகொண்டு “அன்னிக்குத் தொடைக்க வேணாம்னீங்களே, அந்தப் பொட்டு வச்சவங்க இவங்கதானா” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் பஸ் ஏறி வடக்கனந்தலுக்குப் போனேன். கருமாதிக்குப் பிறகு அவன் வீட்டுப் படி ஏறியது அன்றைக்குத்தான். உன் அத்தை கமலா தண்ணீர் கொடுத்தாள், அவர் மோட்டார் கொட்டகையில் இருக்கிறார் என்று வரப்பைக் காட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை. மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு “இன்னா” என்றான், மாமா என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைப் பார்த்துக் கோபத்தில் அழித்தேன், அதற்குள் உன் அக்கா இருந்தாள், செழியன் படம் கேட்கிறான், என்னிடம் பாதி முகம்தான் இருக்கிறது என்றேன். அவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவன் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்து விலகி நின்றான். உள்ளே சுவரில் அந்த ஃபிளெக்ஸை ஆணி அடித்து மாட்டியிருந்தான். மேலே ஷீட் ஓட்டையில் மழை இறங்கி நெற்றியும் கண்ணும் வெளுத்துத் திட்டுத் திட்டாகப் போயிருந்தன. வாயும் முகவாயும் அப்படியே இருந்தன. சிரித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் மோட்டார் போட வரும்போது இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவானாம், கமலா பிறகு சொன்னாள்.

அங்கேயே பங்குனிக் காலையை அவனிடம் சொன்னேன். நீ பந்தியில் சொன்னது சரிதான் பூமாலை, என்னிடம் சொன்னாள், நான் அப்புறம் சொல்லு என்றேன் என்று சொல்லிவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் மோட்டாரை நிறுத்தினான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, “எங்கிட்டயுந்தான் சொன்னுச்சு மாமா. ஆடிக்கு வந்தப்ப இதே எடத்துல குந்திக்கினு சொன்னுச்சு. மக்காச்சோளம் வெதச்சிக்கினு இருக்கறேங்க்கா, முடியட்டும், ஒரு நாள் கூட்டிக்கினு போறேன்னேன். சரிடா, ஒன் வேலயப் பாருன்னு எழுந்துக்கிச்சி. அத நெனச்சிக்கினுதான் அன்னிக்கு ஒங்களக் கத்தனேன்” என்றான். சொல்லிவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். ஐம்பது வயது ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். கமலா வந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்ச் சோறு ஆக்கினாள், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அவன் போனில் படம் எடுத்துக்கொடுத்தான், என் போன் கேமரா சரியில்லை. மேலே மாஹிரா மீட்டுக் கொடுத்தது, கீழே கொட்டகைச் சுவரில் இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்தேன். ஒருவர் தலையை இன்னொருவர் கோட்டில் ஒட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன், இதற்கு மட்டும் ஒட்டியதைப் பிரித்துப் பிரித்து மறுபடி ஒட்டினேன். மூக்குப் பக்கத்தில் சேர்த்த இடம் லேசாகத் தெரியும், உற்றுப் பார்த்தால் தெரியும். அதை அழிக்க எனக்குத் தெரியும், ஆனால் அவள் முகத்தில் இனி எதையும் அழிக்கமாட்டேன், அப்படியே விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அட்டை வைத்துப் பிரிண்ட் அனுப்புகிறேன், மெயிலிலும் போடுகிறேன். உன் மாமனுக்கு ஒன்று, மாஹிராவிடம் பத்திரமாக வைக்க ஒன்று என்று நாலு இடத்தில் வைத்துவிட்டேன். ஃபோல்டருக்கு இந்தத் தடவை பெரியநாயகி என்று அவள் பெயரையே வைத்தேன். திட்டுவாள், திட்டட்டும்.

இன்னொன்று எழுத வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஐப்பசியில் டாக்டர் சொன்னதை உனக்குப் போனில் சொன்னபோது நீ முதலில் கேட்டது, “அது கேஸ் வலி இல்லியாப்பா” என்று. வயிற்று வலி என்று நான் உன்னிடம் அதுவரை சொல்லவே இல்லை. அந்த வார்த்தை எனக்கு அப்போது உறைக்கவில்லை. கொட்டகையில் பூமாலை பேசியபோதுதான் உறைத்தது. உன்னிடமும் சொல்லியிருக்கிறாள். நீயும் மாத்திரை போட்டுக்கொள்ளும்மா என்று சொல்லியிருப்பாய். அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷமாக நீ அம்மாவைப் பற்றிப் பேசுவதே இல்லை, டிஸ்க், ரேம், டெம்ப் ஃபைல் என்று கம்ப்யூட்டரைப் பற்றியே பேசுகிறாய். நானும் அதையே பேசிக்கொண்டிருந்தேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை கண்ணா. மூன்று பேரிடம் சொன்னாள், மூன்று பேரும் அப்புறம் என்றோம். அவள் யார் மேலும் கோபமாகப் போகவில்லை, கடைசி நாளில் கூட நான் டீ குடித்தேனா என்றுதான் கேட்டாள். நானும் உன் மாமனும் இங்கே ஒருவரை ஒருவர் பார்த்து அழுதுவிட்டோம். நீ அங்கே பனியில் தனியாக இதை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. தனுஷாவிடமாவது சொல். அவள் ஏதாவது வலி என்று சொன்னால் லேப்டாப்பை மூடிவிட்டுக் கேள், மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போ.

பாப்பாவுக்குக் காது குத்தும்போது பூமாலை மாமாவுக்குப் போன் போட்டுச் சொல், அவன் ஆசையாக இருக்கிறான். வருஷத்துக்குப் போஸ்டர் இந்தத் தடவையும் அவன் பெயரில்தான். குல்லாய் போடாமல் வெளியே போகாதே. நீயும் மருமகளும் பாப்பாவும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும், உன் அம்மா ஆசீர்வாதமும் அதுதான். தை பன்னிரண்டு காலையில், உனக்கு அங்கே முந்தின நாள் சாயங்காலமாக இருக்கும், கட்டாயம் கூப்பிடு. டீ போட்டு எடுத்துக்கொண்டு அந்தப் பேப்பர் பண்டல் மேல் உட்கார்ந்திருப்பேன். நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் கம்ப்யூட்டரை ஆன் செய்யமாட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா,
ராமசாமி